பல் வலி என்று சொல்லிச் சமாளித்த பத்து நாள்

"…அம்புட்டு ஆழத்துக்கு வேரு ஓடியிருந்துச்சாம். அதத் தோண்டி எடுத்ததுல நரம்பு இடுப்பு வரைக்கும் இழுத்துப் பிடிச்சிருச்சு. அதான் உக்கார முடியல. வேற ஒண்ணுமில்ல."

இதைச் சொன்னது என் மதினி, அதாவது அண்ணன் பொண்டாட்டி. கேட்டுக்கொண்டு நின்றது என் அண்ணன். கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு வந்த பொம்பளை ஏன் தலையணையை மடித்துப் போட்டு, அடைக்கோழி மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து உட்காருகிறாள் என்பது அவனுடைய கேள்வி. நியாயமான கேள்விதான். பதில்தான் இப்படி. நான் அடுப்படியில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, வராத இருமலை இருமிக்கொண்டிருந்தேன்.

மதினி பல்லில் ஒரு கோளாறும் கிடையாது. முப்பத்திரண்டும் போட்டது போட்டபடி இருந்தன. அன்றைக்கு மத்தியானம் டாக்டரம்மா அவளிடமிருந்து துளிச் சதை எடுத்தது கீழே, பெண்களின் மறைவிடத்தில். அதில் புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று பரிசோதித்துச் சொல்ல அது மதுரைக்குப் போயிருந்தது. முடிவு வரப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பல் வலி.

இந்தப் பொய்யில் நாங்கள் போய் எப்படி மாட்டினோம் என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இரண்டாயிரத்து நாலோ அஞ்சோ, சரியாக நினைவில்லை. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் எங்கள் ஊர். காலையில் கம்பெனி வேன் வந்து ஆரன் அடித்தால் பாதி ஊர் அதில் ஏறிவிடும். மதினிக்குப் பட்டாசுக் கம்பெனி. எனக்குக் காலண்டர் கம்பெனியில் தாள் அடுக்குகிற வேலை. அண்ணன் மட்டும் எதிர்த்திசையில் பஸ் ஏறி விருதுநகர் மிளகாய் மண்டிக்குப் போவான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரிலும் ஒரு சன்னல், குழம்புக் கிண்ணம் போய் வரும் அகலத்துக்கு.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது நன்றாக ஒன்றைச் சொல்லிவிட்டால், அதைக் கம்பெனியில் கழித்துப் போட்ட தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அந்தத் தாள்களின் முன்பக்கம்தான். மதினி சொன்னதை மட்டும் எழுதியே ஒரு அட்டைப்பெட்டி நிறைந்திருந்தது.

ஒருநாள் அந்தச் சன்னல் வழியாக மதினி கேட்டாள்.

"ஏ புள்ள, அலுமினியப் பவுடரு தோலுக்குள்ள எறங்குமா?"

"எங்கன எறங்குது?"

"அங்கனதான்."

பட்டாசுக்கு மினுமினுப்பு வர அலுமினியப் பவுடர் சேர்ப்பார்கள். அதில் புழங்குகிறவர்கள் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது கோயில் சிலைக்கு வெள்ளிக் கவசம் சாத்தியது மாதிரி இருப்பார்கள். காது மடல், நகக்கண், தொப்புள் என்று அது போகாத இடமில்லை. சாதாரண சோப்புக்கெல்லாம் அசையாது என்று ஊரே துணி சோப்பும் தேங்காய் நாரும் வைத்துத்தான் தேய்த்துக் குளிக்கும். மதினிக்குப் பீரியட்ஸ் நின்ற பிறகு அந்த இடத்தில் அரிப்பு வந்திருக்கிறது. என்னவென்று குனிந்து பார்த்தால் தோல் வெள்ளையாக, பளபளவென்று இருந்திருக்கிறது. பவுடர்தான் போய் ஒட்டிக்கொண்டது என்று முடிவுகட்டி, அதே துணி சோப்பை அங்கேயும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்திருக்கிறாள். அப்படியே இரண்டு வருசம்.

"ரெண்டு வருசமாவா மதினி?"

"பின்ன? நானும் விடல, அதுவும் விடல."

இதை அன்றைக்கே எழுதி வைத்தேன்.

துணி சோப்பு மட்டும் இல்லை. மருந்துக்கடையில் "ஒரு மாதிரி அரிப்பு" என்று சொல்லி வாங்கிய படர்தாமரைக் களிம்பு, வேப்பிலை அரைத்தது, மஞ்சள், ஒரு தடவை எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழம் போட்ட அன்றைக்கு வீட்டைச் சுற்றி ஓடினாள் என்பது எனக்குத் தெரியும். கால் கட்டைவிரலில் தேள் கொட்டிவிட்டதாக அப்போது எல்லோரிடமும் சொன்னாள். தேளைத் தேடி அண்ணன் கட்டிலையே பிரித்துப் போட்டிருந்தான்.

"இப்ப அங்கன ஒரு புண்ணு வேற வந்திருக்கு. ரெண்டு மாசமாச்சு, ஆற மாட்டேங்குது" என்று கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு தாள் ஞாபகம் வந்தது. எப்போதோ ஏதோ ஒரு மருத்துவ முகாமுக்காக எங்கள் கம்பெனியில் நோட்டீஸ் அடித்தார்கள். அதில் கழித்துப் போட்ட ஒன்று என்னிடம் இருந்தது. "பெண்களின் மறைவிடத்தில் நாள்பட்ட அரிப்பு, வெள்ளைத் திட்டு, கட்டி, ஆறாத புண், மாதவிலக்கு நின்ற பின் இரத்தக் கசிவு இவற்றில் எது இருந்தாலும் உடனே" என்று அச்சடித்திருந்தது. அந்த 'உடனே'யோடு தாள் வெட்டுப்பட்டிருந்தது. உடனே என்ன செய்வது என்கிற பாதி மெசினுக்கு அந்தப் பக்கம் விழுந்து போய்விட்டது. ஆனாலும் உடனே என்றால் உடனேதானே.

"நாளைக்கே டாக்டர்ட்ட போவோம் மதினி."

"தீவாளி முடியட்டும்."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் பேச்சே கிடையாது. கல்யாணமா, தீவாளி முடியட்டும். கூரை ஓடு மாற்றணுமா, தீவாளி முடியட்டும். சண்டையைக்கூட ஆர்டர் முடிகிற வரை ஒத்தி வைத்து, சீசன் முடிந்த பிறகு உட்கார்ந்து நிதானமாகப் போடுகிறவர்கள் உண்டு. வடக்குத் தெருவில் ஒருத்தி பிரசவ வலி எடுத்தபோது "இந்த லோடு மட்டும் போயிறட்டும்" என்றாளாம். புருசன் கைகட்டி நின்றானாம், பிள்ளைதான் சம்மதிக்கவில்லையாம்.

தீவாளிக்கு இன்னும் இரண்டு மாசத்துக்கு மேல் கிடந்தது. அதனால் என் கையிலிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

"அப்ப அண்ணன்ட்ட சொல்லிருவேன்."

மதினி சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அடியே, வேண்டாம். அவுக தாங்க மாட்டாக."

உண்மைதான். என் அண்ணன் ஆறடி ஆள். ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டால் இன்னொரு தோள் காலியாக இருக்கிறதே என்று பார்ப்பான். ஆனால் கண்ணில் தண்ணீர் தயாராக நிற்கும். யார் வீட்டுப் பெண்ணோ கல்யாணமாகிக் கார் ஏறினால் இவன் அழுவான். வளர்த்த சேவலைக் குழம்பு வைத்த அன்றைக்கு அழுதுகொண்டே மூன்று தடவை சோறு வாங்கினான். "உங்க அண்ணன் மிளகா மண்டியில வேலைக்குச் சேந்ததே, ஏன் அழுதேன்னு யாரும் கேக்கக் கூடாதுன்னுதான்" என்பாள் மதினி.

ஆக, அண்ணனுக்குச் சொல்லாமலிருக்க டாக்டரிடம் வர ஒப்புக்கொண்டாள். சிவகாசிக்குப் போனால் வேனில் கூட வருகிறவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று விருதுநகருக்குப் போனோம். அங்கே அண்ணன் இருக்கிறான் என்பது எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை.

பெண் டாக்டர், நடுத்தர வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. "சொல்லுங்கம்மா, என்ன செய்யுது?" என்றார்.

"அரிக்கு."

"எங்க?"

"அங்கனதான்."

"தலையிலயா?"

"கீழ."

"கால்லயா?"

"இன்னுங் கொஞ்சம் மேல."

"முட்டியிலயா?"

மதினி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அது எங்கள் கம்பெனிக் காலண்டர்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "ஒண்ணுக்குப் போற இடத்துக்குப் பக்கத்துலயா?"

"நீங்க படிச்சவுக, சட்டுனு கண்டுபிடிச்சிட்டீக" என்றாள் மதினி, பெரிய பாரம் இறங்கினாற்போல.

திரைக்குப் பின்னால் படுக்க வைத்து டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். நான் மதினியின் தலைமாட்டில் நின்றேன். "எவ்வளவு நாளா வெள்ளையா இருக்கு?" என்று கேட்டார்.

"வெள்ளையெல்லாம் இல்ல டாக்டரம்மா. அது பவுடரு. கம்பெனில ஒட்டுனது. நானும் தேச்சுப் பாத்துட்டேன்."

டாக்டரம்மா பஞ்சை நனைத்து மெதுவாக ஒரு தடவை துடைத்தார். அந்தப் பஞ்சை மதினியின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து காட்டினார்.

"பவுடர்னா இதுல வரணும்ல?"

பஞ்சு வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. மதினி அதையே பார்த்தாள். இரண்டு வருசமாகத் தன் சொந்தத் தோலைத் துணி சோப்பு போட்டு அலசிக்கொண்டிருந்தவளின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். இது ஒரு தோல் நோய். தோலே வெளுத்து, மெலிந்து, கசங்கிய மெழுகுத்தாள் மாதிரி ஆகிவிடும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அதிகம் வரும், மற்றவர்களுக்கும் வரலாம். பவுடரால் வந்ததில்லை. அழுக்கால் வந்ததில்லை. யாரிடமிருந்தும் ஒட்டாது, யாருக்கும் ஒட்டவும் செய்யாது. உடம்பின் காவல் சக்தியே தன் தோலை எதிரி என்று நினைத்து அடிக்கிறது என்கிறார்கள், முழுக் காரணம் தெரியவில்லை. படர்தாமரைக் களிம்பு இதற்குக் கேட்காது, ஏனென்றால் இது படர்தாமரை இல்லை.

"அப்ப எங்க வீட்டுக்காரு மேலயும் தப்பில்லையா?" என்று கேட்டாள் மதினி.

"இல்ல."

"ரெண்டு வருசமா அவுகளையுந்தான் மொறச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்" என்று என்னிடம் சொன்னாள்.

அதன் பிறகு டாக்டரம்மா கொஞ்சம் முன்னால் குனிந்தார். "இந்த நோயக் கட்டுப்படுத்திக்கலாம். ஆனா அந்த ஆறாத புண்ணு இருக்கு பாத்தீங்களா, அதோட ஓரம் தடிச்சிருக்கு. இந்த மாதிரித் தோல்ல சிலருக்குப் புற்றுநோய் வரலாம். எல்லாருக்கும் வராது. உங்களுக்கும் இல்லாமத்தான் இருக்கும்னு நெனைக்கேன். ஆனா அத நான் கண்ணால பாத்துச் சொல்லக் கூடாது. துளி சதை எடுத்துப் பாத்துத்தான் சொல்லணும்."

மதினி வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். "தீவாளின்னு மட்டும் சொன்னீக…" என்றேன். மூடிக்கொண்டாள்.

மரத்துப்போக ஊசி போட்டு, பயறு அளவுக்கு எடுத்து, ஒரே ஒரு தையல் போட்டார். ஊசிதான் சுள்ளென்றது, மற்றது ஒன்றும் தெரியவில்லை என்றாள் மதினி. முடிவு வருகிற வரை என்ன செய்யக் கூடாது என்று டாக்டரம்மா அப்புறம் சொல்லத் தொடங்கினார். சோப்பு கூடாது, வெறும் தண்ணீர் போதும். தேய்க்கக் கூடாது. நைலான் துணி கூடாது, பருத்திதான். இறுக்கிக் கட்டக் கூடாது. மதினிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"டாக்டரம்மா, இத எங்க போர்மேன் தெனமும் காலையில சொல்லுவாரு! தேய்க்காதே, ஒரசாதே, இழுக்காதே, பருத்திச் சேல கட்டு, எதையும் கொஞ்சங் கொஞ்சமா எடு. மீறுனா ஷெட்டே போயிரும்பாரு."

"போர்மேன் சொன்னதக் கேட்டீங்களா?"

"கம்பெனில கேட்டேன். வீட்டுல கேக்கல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தெருவுக்கு வந்தோம். மதினி பத்தடி நடப்பாள், நின்று மூச்சு விடுவாள். அப்படி ஒரு தடவை நின்ற இடத்தில்தான் எதிரே மூட்டை ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு என் அண்ணன் வந்தான். வண்டி நின்றது.

"ஏ, என்ன ரெண்டு பேரும் இங்கன? கம்பெனிக்குப் போகல?"

எங்கள் தலைக்கு மேல், ஆள் உயரத்துக்கு ஒரு பல் படம் போட்ட போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. அது என் கண்ணில் பட்டது.

"பல்லு" என்றேன்.

"யாருக்கு?"

"மதினிக்கு. புடுங்கியாச்சு."

மதினி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பிறகு மெதுவாகக் கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அண்ணனுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு அவன் செய்த வைத்தியம்தான் எங்களைக் கொன்றது. அன்று சாயங்காலமே கிராம்பு, உப்பு, பஞ்சு எல்லாம் வந்து இறங்கின. புண்ணுக்கு ஆகாது என்று வீட்டிலிருந்த மிளகாய் வற்றல் டப்பா, மிளகாய்ப் பொடி டப்பா, ஊறுகாய் சாடி மூன்றையும் தூக்கிக்கொண்டு போய் மச்சில் வைத்துவிட்டான். நாள் முழுக்க மிளகாய்க்கு நடுவில் நிற்கிறவன் வீட்டில் பத்து நாளும் மிளகாய் கிடையாது. நொய்க் கஞ்சி, பருப்புத் தண்ணீர், குழைந்த சோறு. என் வீட்டுக் குழம்பும் சன்னல் வழியாக வரக் கூடாது என்று அங்கே ஒரு அட்டையை வைத்து அடைத்தான். விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டாவைத் தின்றுவிட்டு வந்து, "நீ சாப்பிட முடியாம நான் மட்டும் தின்னேனே" என்று வேறு வருந்துவான். அந்த வாசனையோடு.

தெருவே வந்து விசாரித்தது. எந்தப் பல், இடதா வலதா என்று கேட்டார்கள். மதினி ஒருத்தியிடம் இடது என்றாள், இன்னொருத்தியிடம் வலது என்றாள். அதனால் இரண்டு பல் என்று பேச்சாகி, வாரக் கடைசியில் வேன்வரை போய்ச் சேர்ந்தபோது பாதிப் பல் போய்விட்டது என்று ஆகியிருந்தது.

"எங்க, வாயத் தொற, பாப்போம்" என்று அண்ணன் தினமும் கேட்பான். அவளோ உதட்டைப் பிரிக்காமல் "ம்ம்" என்பாள். சிரிப்பு வந்தால் கையால் பொத்திக்கொள்வாள். பத்து நாள் அவள் பேசியதெல்லாம் மூக்கால் பேசியதுதான்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, நானும் அவளும் மட்டும் இருந்தோம். கஞ்சியைக் கரண்டியால் கிளறிக்கொண்டே, "ஏ புள்ள, அது அதாவே இருந்துட்டா நீதான் அவுககிட்டச் சொல்லணும்" என்றாள்.

"சரி மதினி."

"பல்லுல வந்திருக்குன்னு சொல்லு. பல்லுன்னா கொஞ்சந்தான் அழுவாக."

இதையும் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அந்தத் தாளை நான் எடுத்துப் படிப்பதில்லை.

பதினோராம் நாள் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தோம். காகிதத்தை மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டு நிமிர்ந்தார். "புற்றுநோய் இல்லம்மா. தோல் நோய்தான். தேய்ச்சுத் தேய்ச்சு, சொரிஞ்சு சொரிஞ்சு வந்த புண்ணு."

மதினி கேட்டாள், "அப்ப இனிமே சொரிஞ்சுக்கலாமா?"

"கூடாது!"

களிம்பு எழுதிக் கொடுத்தார். விரல் நுனியில் துளி. ஒரு மாதம் தினமும் ஒரு தடவை, அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரத்துக்கு இரண்டு. "ஸ்டீராய்டு மருந்து, கெடுதின்னு கடையில யாராவது பயமுறுத்துவாங்க. நான் சொன்ன அளவுல போட்டா பயமில்ல. அரிப்பு நின்னதும் நீங்களா நிறுத்திறக் கூடாது. புண்ணு ஆறுதான்னு பாக்க மூணு மாசத்துல வாங்க. பிறகும் வருசா வருசம் வரணும், இத விட்டுறக் கூடாது. மாசத்துக்கு ஒருதடவ நீங்களே கண்ணாடி வெச்சுப் பாத்துக்கங்க. புதுசா கட்டி, தடிப்பு, ஆறாத புண்ணு எது தெரிஞ்சாலும் வந்துறணும். தீவாளி அன்னைக்கே ஆனாலும்."

"கண்ணாடி பீரோவுல பதிச்சிருக்கு டாக்டரம்மா. பீரோவ எப்படிச் சாய்க்க?"

பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு பேன்சி ஸ்டோரில் ரோஸ் கலரில் ஒரு கைக்கண்ணாடி வாங்கினோம். கடைக்காரர், "முகம் நல்லாத் தெரியுதா, பாருங்கக்கா" என்று நீட்டினார். மதினி அதை வாங்கிக்கொண்டு, "தெரிஞ்சாச் சரிதான்" என்றாள். எனக்குத்தான் சிரிப்பில் மூச்சு முட்டியது.

பஸ் ஏறுவோம் என்று பார்த்தால் அவள் மண்டிப் பக்கம் திரும்பினாள். பத்து நாளைக்கு முன்னால் வலித்து வலித்து நடந்த தெருவில் இப்போது எனக்கு முன்னால் போனாள்.

மண்டிக்குள் மிளகாய் வற்றல் அம்பாரமாகக் கொட்டிக் கிடந்தது. அண்ணன் சாக்கு பிடித்துக்கொண்டு நின்றான். எங்களைக் கண்டதும் சாக்கைப் போட்டுவிட்டு ஓரமாக வந்தான். "என்ன, பல்லு திரும்ப வலிக்கா? வீங்கிருச்சா?"

மதினி கன்னத்தில் கை வைக்கவில்லை. "பல்லு இல்லைங்க. கீழ, பொம்பளைக இடத்துல ஒரு புண்ணு. புத்துநோயா இருக்குமோன்னு சதை எடுத்துப் பாத்தாக. இன்னைக்கு இல்லேன்னு சொல்லிட்டாக. களிம்பு போடணும், வருசா வருசம் காட்டணும், அம்புட்டுதான்" என்றாள். ஒரே மூச்சில், முழு வாயையும் திறந்து.

அண்ணன் அசையாமல் நின்றான். கண்ணிலிருந்து பொலபொலவென்று இறங்கியது. தூரத்திலிருந்து யாரோ, "என்னண்ணே?" என்றார்கள். "நெடி, நெடி" என்றான், முகத்தைத் துண்டால் துடைத்தபடி. துடைத்தான், மதினியைப் பார்த்தான், மறுபடி துடைத்தான். கடைசியில் அவனுக்குக் கேட்கக் கிடைத்தது ஒன்றுதான்.

"அப்ப… புடுங்குன பல்லு?"

மதினி குனிந்து, அம்பாரத்தில் நீளமானதாகப் பார்த்து ஒரு மிளகாய் வற்றலை எடுத்தாள். காம்பைக் கிள்ளிப் போட்டாள். அவனைப் பார்த்துக்கொண்டே அதை இடது கடைவாயில் வைத்து நறுக்கென்று ஒரு கடி, மீதியை வலது கடைவாயில் வைத்து இன்னொரு கடி, விதையோடு மென்று தின்றாள்.